கடை வெளிச்சத்தில் எடுத்த நெட்

அத்தியாயம் 11

பிலோமினா வீட்டில் கல்யாண வேலை தொடங்கியதிலிருந்து மூத்த மருமகள் ஜெனிஃபருக்குத் தலைவலி. எந்த டாக்டரும் கண்டுபிடிக்க முடியாத தலைவலி அது. சின்னவன் சேவியருக்கு நிச்சயமாகியிருக்கும் ஸ்வாதியின் பெயரை யாராவது எடுத்தால் ஆரம்பிக்கும். அந்தப் பெண்ணைப் புகழ்ந்தால் பிடரி வரைக்கும் இறங்கும்.

அந்த ஸ்வாதியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கும் யோகேஸ்வரியின் ஒரே பெண். சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனியில் சேவியருக்குப் பக்கத்து நாற்காலி. நாற்காலிகள் நெருங்கிய விஷயம் தெரிந்ததும் இரண்டு வீடுகளும் ஆறு மாதம் முறைத்துக்கொண்டன. கடைசியில் யோகேஸ்வரிதான் இறங்கி வந்தாள். சர்ச்சிலேயே கல்யாணம் நடக்கட்டும், கவுனே போடட்டும், ஆனால் எதுவும் வெள்ளையாக இருக்கக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சம்மதித்ததே பெரிய விஷயம் என்று மாமல்லபுரத்தில் ஒரு தையல்காரரிடம் சந்தன நிறத்தில் கவுன் தைக்கக் கொடுத்தார்கள். அளவெடுக்க மட்டும் மூன்று நடை.

வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். அதற்குமுன் பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. நெட். கொண்டையில் குத்தி முதுகு வழியாக இறங்கவிடும் அந்த மெல்லிய துணி. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிலோமினா தன் மூத்த மருமகளிடம் கொடுத்தாள்.

"நீதாம்மா கலர் தெரிஞ்சவ" என்றாள். செங்கல்பட்டு ஸ்டூடியோ ஒன்றுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பதுதான் ஜெனிஃபரின் தொழில். வெள்ளையில் மட்டும் பதினோரு வகை சொல்வாள்.

ஆனால் அவளுடைய கல்யாணத்துக்கு அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட வரவில்லை.

2020 ஜூன். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். துணிக்கடை எதுவும் திறக்கவில்லை. கவுன் எப்படியோ கிடைத்துவிட்டது, நெட் கிடைக்கவில்லை. பிலோமினா பீரோவைத் திறந்து, பிரிக்காமல் வைத்திருந்த கொசுவலையை எடுத்தாள். வெட்டினாள். தலையணை உறையிலிருந்து லேஸைப் பிரித்து ஓரத்தில் வைத்துத் தைத்தாள். "யாருக்கும் தெரியாது பாரு" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லைதான். வந்ததே இருபது பேர். ஆனால் கேமராவுக்குத் தெரிந்துவிட்டது. விழ வேண்டிய இடத்தில் விழாமல் விறைத்துக்கொண்டு, சாரணர் கூடாரம் மாதிரி நின்றது நெட். அதற்குள்ளே மாஸ்க் போட்ட ஜெனிஃபர். ஊரார் ஆல்பத்தையெல்லாம் அழகாக்கித் தருகிறவள், தன் ஆல்பத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

இப்போது சொல்லுங்கள், தலைவலி வருமா வராதா?

*

வெள்ளிக்கிழமை காலை மாமனார் ஞானதாஸ் காரை எடுத்தார். ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பென்ஷன் நின்றுவிடும் என்பது மாதிரி ஓட்டுவார். செங்கல்பட்டு போய்ச் சேரும்போது ஸ்வாதி பஸ்ஸில் வந்து கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா!" என்று ஓடிவந்து ஜெனிஃபரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அக்காவில் சர்க்கரை ஒரு ஸ்பூன் தூக்கல்.

"லீவு போட்டியா?"

"ஒரு நாள்தான் அக்கா. கவுன் துணில மிச்சம் இருந்த பீஸ் கேட்டீங்களே, கொண்டாந்துட்டேன்." கைக்குட்டை அளவில் ஒரு சந்தன நிறத் துண்டு. தொட்டுப் பார்த்த ஜெனிஃபர் விரலை எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல துணி.

ராட்டினக்கிணறு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது கடை. கவுன், கையுறை, கிரீடம், துணிப் பூச்செண்டு எல்லாம் அடுக்கியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் மஞ்சள் விளக்கு. விற்பனைப் பெண் கல்யாணி சலிக்காமல் நெட்டுகளைப் பிரித்துப் போட்டாள். தோள்வரை, இடுப்புவரை, தரையைத் தொடுவது, முத்து வைத்தது, ஜரிகை ஓரம் போட்டது.

"முத்து வேணாம். கவுன்லயே வேலைப்பாடு இருக்கு, ரெண்டும் சண்டை போட்டுக்கும்" என்றாள் ஜெனிஃபர். சரியான பேச்சு. "ஓரத்துல மெல்லிசா நூல் வேலை, இடுப்புக்குக் கீழ ஒரு சாண். அது போதும்." இதுவும் சரியான பேச்சு. தொழில் என்று வந்துவிட்டால் அவளால் தப்பாகப் பேச முடியாது.

கடைசியில் இரண்டு நின்றன. இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே ஓரம். மஞ்சள் விளக்கில் இரண்டும் சந்தனம்தான்.

"இதுல எது கவுனோட சேரும்? எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எல்லாமே நீலமா தெரியுது" என்றாள் பிலோமினா. "சம்பந்தியம்மா வெள்ளை கூடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீ பாத்துச் சொல்லு."

ஜெனிஃபர் நேரம் பார்ப்பது மாதிரி ஃபோனை எடுத்து, மேசைக்கடியில் தொங்கிய ஓரங்கள்மேல் டார்ச் அடித்தாள். முதல் நெட்டின் ஓரம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. இரண்டாவதின் ஓரம் பளீரென்று பால்.

அந்தப் பாலை இந்தச் சந்தன கவுனுக்கு மேலே போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெயிலில் நின்றால் நெட் மட்டும் கண்ணைப் பறிக்கும். கவுன், துவைத்துத் துவைத்து மஞ்சள் ஏறிய பழைய துணி மாதிரி ஆகிவிடும். கேமராவில் இன்னும் மோசம். மாமல்லபுரம் ரிசார்ட்டில் வரவேற்பாம், மேலே பறந்து படம் பிடிக்க ட்ரோனாம். எடுக்கட்டுமே, நன்றாக எடுக்கட்டும்.

சம்பந்தியம்மாளின் வெள்ளை வெறுப்பை அவள் மறக்கவில்லை. அது ஏதோ ரசனைக் கோளாறு, இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுவாள் என்று நினைத்தாள்.

"இதுதான்" என்று பாலைத் தொட்டாள்.

கல்யாணி தலையை நிமிர்த்தினாள். "மேடம், அது வந்து..."

"தெரியும். இதையே போடுங்க."

விற்கிறவளுக்கு என்ன வந்தது? எது போனாலும் விற்பனைதான். ஸ்வாதி நெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "செல்ஃபி எடுத்துட்டு வர்றேன்" என்று பால்கனிப் பக்கம் ஓடினாள். ஜெனிஃபர் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்து நின்றாள். வெளியே வெயில் வெளுத்து வாங்குகிறது. பார்த்துவிடுவாளே!

இரண்டு நிமிடத்தில் ஸ்வாதி சிரித்துக்கொண்டே வந்தாள். "சூப்பர் அக்கா. இதையே எடுத்துக்கலாம்."

மண்டு, என்று நினைத்துக்கொண்டாள் ஜெனிஃபர். படித்த மண்டு.

"நீளம் வெட்டிட்டா ரிட்டர்ன் கிடையாது" என்று கல்யாணி கத்தரியைக் கையில் எடுத்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஜெனிஃபர் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தாள். கத்தரி போன சத்தம் கேட்டது.

*

எல்லோருமாகச் சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்பினார்கள். கவுன் அங்கேதான் இருந்தது. நெட்டோடு சேர்த்துப் போட்டுப் பார்த்துவிடலாம், சம்பந்தியம்மாளுக்கும் காட்டிவிடலாம் என்பது பிலோமினாவின் திட்டம்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஸ்வாதி ஃபோனைத் திறந்து ரிசார்ட் படங்களைக் காட்டினாள். மணலில் வெள்ளை நாற்காலிகள், பின்னால் கடல். "அக்கா, உங்க கல்யாண ஆல்பம் நான் பாக்கவே இல்லியே?"

முன் சீட்டிலிருந்து பிலோமினா முந்திக்கொண்டாள். "அது எங்கயோ பரண்ல கிடக்கு. அப்ப எல்லாம் அவசர அவசரமா நடந்துது. இப்ப மாதிரியா?"

பரணில் கிடக்கிறது! கிடக்கிறது, தேங்காய் மட்டையைப் போல. கத்தரிச் சத்தத்தில் ஜெனிஃபருக்குள் கொஞ்சம் உறுத்தல் எழுந்திருந்தது. அந்த ஒரு வார்த்தையில் அது காணாமல் போனது.

கோட்டைச் சுவருக்குப் பின்தெருவில் யோகேஸ்வரியின் வீடு. ஏலம் முடிந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். கடல்காற்றை ஜெயித்துப் பேசிப் பழகிய குரல்.

"வாங்க சம்பந்தி. இன்னா அண்ணாத்த, வண்டிய உருட்டிக்கினே வந்தீங்களா? வெயிலு ஏறிப்போச்சு. மோரு குடிங்க மொதல்ல."

அறைக்குள் ஸ்வாதிக்குக் கவுன் மாட்டிவிட்டது ஜெனிஃபர்தான். கொண்டையில் நெட்டை வைத்து நாலு பின் குத்தினாள். அறையில் வெளிச்சம் மட்டு. ஒன்றும் தெரியவில்லை.

"வெளிய வா, நல்லா பாப்போம்" என்று யோகேஸ்வரி கூப்பிட்டாள். ஸ்வாதி வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள்.

யோகேஸ்வரியின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"கயட்டு."

"அம்மா..."

"கயட்டுன்னேன்!"

பிலோமினா பதறிப்போனாள். "என்ன சம்பந்தி? அது சந்தனம்தான்..."

"யாருக்குச் சந்தனம்? உங்களுக்குக் கண்ணுதானே ஆப்ரேசன்? அண்ணாத்த, நீங்க சொல்லுங்க. அது இன்னா கலரு?"

ஞானதாஸ் மோர் டம்ளருக்குள் பார்த்தபடி, "கொஞ்சம் வெள்ளையாத்தான் தெரியுது" என்றார். முப்பது வருஷக் குடும்பத்தில் அவர் சொன்ன துணிச்சலான வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

யோகேஸ்வரி மெதுவாகப் பேசினாள். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. "எம்புருசன் செத்து பதினாறாம் நாளு. பொறந்த வூட்டுக்காரங்க வந்து எந்தலைல வெள்ளக்கோடிய போர்த்துனாங்க. முகத்த மூடி, உள்ள உக்கார வெச்சாங்க. நாலு வருசம் ஆச்சு. இன்னும் கண்ண மூடுனா அந்தத் துணிக்குள்ளதான் கீறேன். எம்பொண்ணு மணவறைக்குப் போறப்போ அது அவ தலையில ஏறக்கூடாதுன்னுதான் கேட்டேன். வேற இன்னா கேட்டேன் உங்கள? நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா?"

கையிலிருந்த துண்டால் நெட்டைச் சுட்டினாள்.

"யாரு எடுத்தது இத?"

"ஜெனிஃபர்தான்..." என்றாள் பிலோமினா. அதோடு விட்டிருக்கலாம். "அவளுக்குத்தான் கலர் எல்லாம் நல்லா தெரியும்."

"கலரு தெரிஞ்சவ எடுத்தாளா?" யோகேஸ்வரி திரும்பினாள். "அப்போ தெரிஞ்சுதான் எடுத்துக்கீறா. சம்பந்தி, ஞாயித்துக்கெழமை ஓலை படிக்க வேணாம். சாமியாராண்ட நானே போயி சொல்லிக்கிறேன்."

*

ஸ்வாதி விருட்டென்று அறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே ஜெனிஃபர் ஓடினாள். ஃபோட்டோ கெடட்டும் என்றுதான் நினைத்தாள். கல்யாணமே நிற்கட்டும் என்று நினைக்கவில்லை, மாதா மேல் ஆணையாக நினைக்கவில்லை. உள்ளே ஸ்வாதி அழுதுகொண்டிருப்பாள். என்ன சொல்லித் தேற்றுவது?

ஸ்வாதி அழவில்லை. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா கீது இல்ல அக்கா?"

"ஏன்டி, வெளியில என்ன நடக்குதுன்னு தெரியுதா உனக்கு? அது வெள்ளைடி!"

"தெரியும். பால்கனிலயே பாத்துட்டேன்." ஸ்வாதி நெட்டின் ஓரத்தை நீவிவிட்டாள். "சின்ன வயசுலேர்ந்து எனக்கு இந்த வெள்ளைதான் ஆசை. மாதா கோயில் கல்யாணம்னா வாசல்ல நின்னு வேடிக்கை பாப்பேன். கவுனுக்குக் கேட்டேன், அம்மா விடல. நெட்டாவது கிடைக்கட்டும்னு விட்டேன்."

"விட்டியா?"

"நீங்க மேசைக்கடியில டார்ச் அடிச்சுப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, வேணும்னுதான் எடுக்கறீங்கன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "காரணம் வேற வேறயா இருந்தா என்ன, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நெட்டுதானே வேணும்?"

ஜெனிஃபர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து தன்னைப் பெரிய வில்லி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, கடைசியில் கிடைத்தது எடுபிடி வேஷம். மண்டு யார் என்று இப்போது தெரிந்தது.

"அக்கா, ஒரே ஒரு உதவி. அம்மா கேட்டா, கடை வெளிச்சத்துல தெரியல, தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. கொஞ்சம் அழுங்க. நீங்க அழுதா அம்மா இறங்கிடும். வெட்டின துணி, திருப்பித் தர முடியாது, போட்டுக்கினு போகட்டும்னு விட்டுடும். நான் ஆசைப்பட்டேன்னு தெரிஞ்சுதுன்னு வைங்க, அவ்வளவுதான். எங்க நைனா போட்டோ முன்னாடி, வெள்ளை போடமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கீது என்கிட்ட."

எவ்வளவு சுத்தமாக யோசித்து வைத்திருக்கிறாள்! பழியும் தனக்கு, கண்ணீரும் தனக்கு, நெட் அவளுக்கு.

வாசலிலிருந்து குரல் வந்தது. "ஜெனிஃபரு! இப்டி வா கண்ணு. ஒண்ணு கேக்கணும்."

*

பிலோமினா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். ஞானதாஸ் காலி டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு. தெரிஞ்சு எடுத்தியா, தெரியாம எடுத்தியா?"

தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் வெளியே வரவில்லை. வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று பெயர் வாங்கவா? பதினோரு வெள்ளை தெரிந்தவள்? கொலைப்பழி ஏற்றாலும் ஏற்பாளே தவிர, அந்தப் பழியை ஜெனிஃபரால் ஏற்க முடியாது. அதோடு அந்த வெள்ளைக்கோடிக் கதை வேறு காதிலேயே நின்றது.

"தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றாள்.

பிலோமினாவின் கைப்பை கீழே விழுந்தது.

"நீங்க ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. தெரிஞ்சிருந்தா அதைத் தொட்டிருக்கமாட்டேன். ஃபோட்டோல கவுன் அசிங்கமா தெரியணும்னுதான் எடுத்தேன். பொறாமை." அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. "என் கல்யாணத்துக்குக் கொசுவலையை வெட்டித் தலையில போட்டாங்க. அஞ்சு வருஷமாச்சு. இவளுக்கு மட்டும் மூணு நடை அளவு, கடற்கரை, ட்ரோன். தாங்க முடியல."

"கொசுவலையா?" யோகேஸ்வரி பிலோமினாவைப் பார்த்தாள்.

"லாக்டவுன் சம்பந்தி... புதுசுதான், பிரிக்காதது..." பிலோமினா குனிந்து கைப்பையை எடுத்தாள். "இத்தனை வருத்தம்னா சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொல்லியிருக்கேன் அத்தை. மூணு தடவை. கேட்டுட்டு டிவி சத்தத்தை ஏத்தினீங்க."

யோகேஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். எதிர்வீட்டு நாய் எழுந்து பார்த்தது.

"எங்க ஏலத்துல முப்பது பொம்பளைங்க. ஒருத்தியப் பாத்து ஒருத்திக்கு வயித்தெரிச்சல். ஒருத்தியாவது வாயத் தொறந்து சொல்லிக்கீறாளா? அக்கா தங்கச்சின்னு கொஞ்சிக்கினே காலை வாருவாளுங்க. நீ சொன்னியே!" எழுந்து வந்து ஜெனிஃபரின் தோளில் கையைப் போட்டாள். அந்தக் கையின் கனம் தோளை அழுத்தியது, ஆனாலும் நன்றாக இருந்தது. "சம்பந்தி, ஓலை படிக்கட்டும். ஞாயித்துக்கெழமையே படிக்கட்டும். ஆனா அந்தத் துணி இன்னிக்கு ராவு என் வூட்ல தங்கக்கூடாது. நாளைக்குக் காலைல நானும் இவளும் செங்கல்பட்டு போயி வேற எடுக்குறோம். இவ கண்ணு போதும் எனக்கு. ஸ்வாதி வேணாம், அவ வூட்லயே கெடக்கட்டும்."

"நானா ஆன்ட்டி?"

"நீதான். தெரிஞ்சு கெடுத்தவளுக்குத் தெரிஞ்சு எடுக்கவும் வரும். போ கண்ணு, போயி அந்த நெட்ட கயட்டிக் கொண்டா. அப்டியே எங்கூட உக்காந்து சாப்புடு, வஞ்சிரம் வெச்சிக்கீறேன். எம்பொண்ணு இதுவரைக்கும் ஒரு நாளாவது எங்கிட்ட இப்டி மனசத் தொறந்து பேசுனது கெடையாது, தெரியுமா?"

கடைசி வாக்கியம் கொஞ்சம் உரக்கவே விழுந்தது. அவள் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே.

அந்தத் தலைவலி இறங்கிவிட்ட மாதிரி ஜெனிஃபர் அறைப்பக்கம் நடந்தாள். கதவில் கை வைத்தாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்.

"ஸ்வாதி, கதவத் திற. பின் எடுக்கணும்."

பக்கத்து ஜன்னலின் ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. ஜெனிஃபர் எட்டிப் பார்த்தாள்.

கண்ணாடியில் ஸ்வாதியின் கண் அவள் கண்ணைச் சந்தித்தது. சிரிப்பு இல்லை, அக்கா இல்லை, சர்க்கரை ஒரு துளி இல்லை. தன் அம்மாவின் கை எவள் தோளில் கிடந்ததோ அவளை அளவெடுக்கிற பார்வை. அந்தப் பார்வையின் பெயரைச் சற்றுமுன்தான் ஜெனிஃபர் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

ஸ்வாதி பார்வையை எடுக்காமல், நெட்டை முகத்துக்குமேல் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மேசையிலிருந்து இன்னொரு பின்னை எடுத்து, பல்லால் கடித்து அகட்டி, கொண்டையில் ஐந்தாவதாகக் குத்தினாள்.